அண்ணன் விரலின் எடை

எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேரும் பெண்களிடம் முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுவார்கள். முகத்துக்குப் பவுடர் போடக்கூடாது, தலையில் பூ வைக்கக்கூடாது. பூச்சந்தை ஊரான தோவாளையிலிருந்து வரும் பிள்ளைகளிடம் போய் பூ வைக்காதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? இனயம் கடற்கரைக்காரியான என்னிடம் மீன் தின்னாதே என்று சொல்வதைப் போலத்தான். அதனால் அவர்கள் பூவோடுதான் வருவார்கள். வந்து, சைக்கிள் ஷெட் சுவரில் இருக்கும் ஆணிகளில் ஆளுக்கொரு சரமாகத் தொங்கவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் வாடிப்போன சரத்தை எடுத்து மறுபடியும் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

நாகர்கோவிலுக்கு வெளியே இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் நாங்கள் டச் பேனல் செய்தோம். எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து 2004-இல் நான் அங்கே சேர்ந்தேன். திரையின் மேல் ஒட்டும் கண்ணாடிதான் சரக்கு. கண்ணாடி என்றால் ஒரு கண்ணாடி, அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பிலிம். இரண்டின் உள்பக்கமும் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பொடிப்பொடியான புள்ளிகள் அச்சடிப்போம். விரல் அழுத்தும் இடத்தில் பிலிம் குழிந்து கண்ணாடியைத் தொடும். எங்கே தொட்டது என்பதைச் சர்க்யூட் கண்டுபிடிக்கும். அவ்வளவுதான் வித்தை. ஒரு துளி பவுடர் உள்ளே போனால் அதுவும் ஒரு புள்ளியாகிவிடும், அந்தப் பேனல் குப்பைக்குப் போகும்.

புள்ளிகளை எவ்வளவு தள்ளித்தள்ளி வைப்பது, பிலிம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் பேனல் இறுகிப்போகும், பலமாக அழுத்த வேண்டும். தள்ளி வைத்தால் இளகிவிடும், லேசாக அழுத்தினாலே போதும். அழுத்தத்தை அளக்க ரப்பர் முனை வைத்த ஒரு கேஜ் இருந்தது. முதலாளிக்கு எல்லாவற்றையும் கிராமில் எழுதிக் கொடுப்பேன். என் மனசுக்குள் மட்டும் கணக்கு வேறு மாதிரி ஓடும். இது முட்டை வைத்தால் வேலை செய்யும் பேனல், இது ஒரு உள்ளியை, சின்ன வெங்காயத்தை, வைத்தாலே வேலை செய்யும் பேனல். சமையலறையில் வளர்ந்த புத்தி, என்ன செய்ய?

ஒன்றுமே தெரியாத ஒரு கண்ணாடியைச் செய்வதற்கு எதற்கு இத்தனை படிப்பு என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. முதலில் கேட்டவன் என் அண்ணன்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவன்தான். ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் டிரைவர். போனால் வாரக்கணக்கில் கடலில் கிடப்பான். தூண்டில் இழுத்து இழுத்துக் கையின் உள்பக்கம் செருப்பின் அடிபோல ஆகியிருக்கும். அந்தக் கையால் என் தலையில் தட்டினால் கொஞ்ச நேரத்துக்கு வலிக்கும். அன்பு காட்டுவதாக அவனுக்கு நினைப்பு.

ஒரு சமயம் கொச்சியில் ஒரு வியாபாரி, மீன்பிடிப் போட்டுகளுக்கு ஜிபிஎஸ் திரை செய்து விற்றார். அதற்கு டச் பேனல் எங்களுடையது. கொஞ்ச மாதத்தில் பேனல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாமே எங்கள் கடற்கரையிலிருந்துதான், எல்லாமே ஒரே மூலையில் உடைந்துதான். மீன் கிடைக்கும் இடத்தைக் குறித்து வைக்கும் பட்டன் அந்த மூலையில் இருந்தது. "உங்க ஆளுவ என்னம்மா, சுத்தியலால அடிக்காங்களா?" என்றார் முதலாளி. சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த நல்ல மனுஷன். கோபம் வந்தாலும் அம்மா போட்டுத்தான் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் துறைமுகத்துக்குப் போனேன். அண்ணனுடைய போட்டில் ஏறி, அந்தப் பட்டனை அழுத்திக் காட்டச் சொன்னேன். அவன் பெருவிரலை வைத்துத் தோளோடு சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினான்.

"அண்ணே, லேசாத் தொட்டாப் போதும்."

"தொட்டாப் போதும் சரி. தொட்டது எனக்க கைக்குத் தெரியாண்டாமா ஏட்டி? போட்டு ஆடும்பம் நான் எதப் பிடிச்சிட்டு நிக்க?"

அப்போதுதான் விளங்கியது. கரையில் கட்டியிருந்த போட்டே ஆடிக்கொண்டுதான் இருந்தது. அலையில் நிற்கும் மனுஷன் பட்டனை அழுத்தும் விரலாலேயே தன் உடம்பையும் தாங்கிக்கொள்கிறான். நாங்களோ ஏசி ரூமில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் விரலுக்குப் பேனல் செய்து கடலுக்கு அனுப்பியிருந்தோம்.

திரும்பி வந்து புள்ளிகளை நெருக்கினேன், பிலிமைக் கனமாக்கினேன், பிலிமுக்கு மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடியும் வைத்தேன். அண்ணனுடைய பெருவிரலை மனதில் வைத்துச் செய்த பேனல் அது. முட்டையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஒரு கருப்பட்டியைத் தூக்கி வைத்தால்தான் அசையும். அண்ணன் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம். இதாக்கும் ஆம்பளக் கண்ணாடி" என்றான். அந்த மாடலுக்குக் கம்பெனியில் அதுவே பேராகிவிட்டது. பூ வைக்காத பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு ஆம்பளக் கண்ணாடியா, சாதாரணமா?" என்று கேட்பார்கள்.

அதற்கப்புறம் ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும். ஒரு நாள் அண்ணன் கம்பெனி வாசலில் வந்து நின்றான். கையில் துவர்த்துத் துண்டில் சுற்றிய ஒரு பொருள். அவனே திரையிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"ஒனக்க கண்ணாடி செத்துப்போச்சு, கேட்டியா. அமுக்கினா எடுக்க மாட்டேங்கு."

எனக்குச் சுருக்கென்றது. நான் செய்ததிலேயே கெட்டியான பேனல் அதுதான். பெஞ்சில் வைத்துக் கேஜால் அழுத்தினேன். செய்த அன்று என்ன எண் வந்ததோ அதே எண். என் விரலால் அழுத்தினேன், எடுத்தது. "பாத்தியா, இதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். அண்ணன் தன் பெருவிரலை வைத்து அமுக்கினான். எடுக்கவில்லை. இன்னும் குனிந்து அமுக்கினான். எடுக்கவில்லை. "சவம், ஒன்னக் கண்டா மட்டும் வேல செய்யுது" என்று சிரித்தான். இடது கையால் அமுக்கினான், உடனே எடுத்தது.

மறுபடியும் வலது கையை வைத்தபோதுதான் நான் கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருண்டு திரண்டிருக்கும் சதை அங்கே இல்லை. அந்த இடம் குழிந்திருந்தது. கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்து எங்கே குழிவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கண்ணில் பட்டது. தூண்டில் இழுத்து மரத்திருக்கும் என்று அவன் சொன்னான், நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். பேனல் நன்றாக இருந்தது. அவன் விரல்தான் கெட்டிருந்தது.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஊசி ஊசியாகக் குத்தி நரம்பைப் பரிசோதித்தார்கள். தசையை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், கை போகும், பிறகு கால், பேச்சு, விழுங்குவது, மருந்து இல்லை என்றார் டாக்டர். அப்புறம், எங்களைத் தேற்றுவதற்காக, "மூளைக்கு ஒண்ணும் ஆகாது. கடைசி வரைக்கும் எல்லாம் நல்லாத் தெரியும்" என்றார். அவரை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. பஸ்ஸில் திரும்பும்போது மைனி, அதாவது அண்ணனின் மனைவி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அண்ணன் மட்டும் களியக்காவிளை தாண்டியதும், "மீனு வாங்கணுமா?" என்று கேட்டான்.

பிறகு ஊர் முழுக்க வீட்டுக்கு வந்தது. ஒருவர் கேரளத்தில் உடம்பைப் பிடித்துவிட்டு உழிச்சல் நடத்தும் வைத்தியரைச் சொன்னார், இன்னொருவர் ஒரு எண்ணெயைச் சொன்னார், மூன்றாமவர் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை நேரச் சொன்னார். மைனி எல்லாவற்றையும் செய்தாள். நேர்ச்சையும் நேர்ந்தாள், எண்ணெயும் தேய்த்தாள். சதை குறைந்துகொண்டே வந்தது. நான் எதையும் நம்பவில்லை, எதையும் தடுக்கவும் இல்லை. நம்பாதவளிடம் கொடுப்பதற்கு வேறென்ன இருந்தது?

பேச்சு குழற ஆரம்பித்தபோதுதான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு பேனலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குரல். கட்டத்தை அழுத்தினால் அந்தக் குரல் பேச வேண்டும். முதலாளியிடம் கேட்டேன். "சரக்கு போன பிறகு எது வேணும்னாலும் எடுத்துச் செய்துக்கோம்மா" என்றார். குரல் அண்ணனுடையதாகவே இருக்கட்டும் என்று, இன்னும் கொஞ்சமாவது தெளிவாகப் பேச முடிகிறபோதே அவனை மொட்டைமாடியில் உட்கார வைத்துப் பதிவு செய்தேன். என்னென்ன வார்த்தை வேண்டும் என்று அவனே சொன்னான். தண்ணி. போதும். திருப்பிப் படுக்க வை. போட்டுக்காரர்கள் யாராவது பார்க்க வந்தால் கேட்பதற்கு, "கடலு எப்பிடிக் கெடக்கு?" உபதேசம் செய்ய வருகிறவர்களுக்கு, "கண்டாச்சுல்லா, இனி போ."

"வலிக்குதுன்னு ஒண்ணு போடட்டுமா" என்று கேட்டேன்.

"அதச் சொன்னா நீங்க என்ன செய்யப் போறிய?" என்றான்.

அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன்.

நட்ட நடுவில், விரல் எளிதாகப் போகும் இடத்தில், மைனியைக் கூப்பிடுவதற்கான கட்டம். அவளைக் கல்யாணமான நாளிலிருந்தே அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏட்டி, இஞ்ச வா" என்று பதிவு செய்தான். போட்டிலிருந்து இறங்கும்போது கடற்கரைக்கே கேட்கும்படி கூப்பிடுவானே, அதே மாதிரி. மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்த மைனி, "என்னா?" என்று கேட்டது பதிவில் கடைசியில் லேசாக இருக்கும். அதை வெட்டாமல் விட்டேன்.

முதல் பேனல் நன்றாக வேலை செய்தது. அண்ணனுக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. ஒரு நாள் தூரத்து உறவில் ஒருவர் வந்து, கடவுள் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார் என்று நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு விரலை நகர்த்தினான். "கண்டாச்சுல்லா, இனி போ" என்றது பேனல். மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அந்த வீட்டில் நாங்கள் கடைசியாக வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான்.

பிறகு விரலின் பலம் குறைந்தது. முட்டை வைத்தால் பேசும் பேனலை எடுத்துவிட்டு, உள்ளி வைத்தால் பேசும் பேனலைச் செய்து கொடுத்தேன். புள்ளிகளைத் தள்ளி வைத்தேன். அது கொஞ்ச மாதம் ஓடியது. கையைத் தூக்க முடியாமல் போனபோது அண்ணனோடு போட்டில் போகும் கூட்டாளி ஒருவன் வந்து, கூரைக் கொக்கியிலிருந்து வலைக்கயிற்றால் ஒரு தூளி கட்டி, மணிக்கட்டை அதில் தொங்கவிட்டான். முடிச்சு சரியில்லை என்று அண்ணன் கண்ணாலேயே திட்டியதும் அவிழ்த்து மறுபடி கட்டினான். தூளியில் கை மிதக்கும், ஒரு விரல் மட்டும் பேனலின் மேல் உரசிக்கொண்டே நகரும், வேண்டிய இடத்தில் அழுத்தும்.

அதற்குள் ஊரில் எல்லோர் கையிலும் புது மாதிரி போன் வந்துவிட்டது. அதில் அழுத்தவே வேண்டாம், தொட்டாலே போதும். எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் குறைய ஆரம்பித்ததும் அதனால்தான். "அந்தப் போன் மாதிரிச் செய்யப்பிடாதா? இவ்வளவு படிச்சிருக்கியே" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். அந்த வகையிலும் ஒரு சாம்பிள் வாங்கி வைத்துப் பார்த்தேன். தூளியில் மிதக்கும் விரல் நடுக்கட்டத்திலிருந்து ஓரத்துக்குப் போவதற்குள், வழியில் தொட்ட கட்டங்கள் எல்லாம் பேசின. தண்ணி, போதும், போ, வா என்று சந்தைக்கடை மாதிரி ஒரு சத்தம். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தொடுவது வேறு, அழுத்துவது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கொஞ்சூண்டு இடத்தில்தான் அவனுடைய பேச்சு இருந்தது. நான் சாம்பிளைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

ஆகவே மறுபடியும் பழைய வழிதான். கிடைத்ததிலேயே மெல்லிய பிலிமை எடுத்தேன். புள்ளிகளை யாரும் வைக்காத அளவுக்குத் தள்ளித்தள்ளி வைத்தேன். ஓரங்களில் மின்சாரம் எடுப்பதற்காகப் பூசும் சில்வர் பேஸ்ட் காயும்வரை ஓவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், ஏதோ நான் நிற்பதால் பிலிம் ஒழுங்காக இருந்துவிடும் என்பதைப் போல. முடிந்த பிறகு, நாகர்கோவிலில் நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு காய்ந்த நெத்திலியை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பேசியது. இதற்கு மேல் இளக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அண்ணனிடம் கொண்டு போய் மாட்டினேன். விரல் நகர்ந்தது, நின்றது, "கடலு எப்பிடிக் கெடக்கு?" என்றது. நான் அழுதேன். நல்லவேளை, அவன் பேனலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்திரை வெயில் தொடங்கிய சமயம் மைனி போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு தெம்பு.

"மக்கா, இப்பம் அவிய என்னய அடிக்கடி கூப்பிடுதாவ. முந்தியெல்லாம் கஷ்டப்பட்டு ஒரு தடவ. இப்பம் போனா வந்தா கூப்பிட்டுட்டே இருக்காவ. நேர்ச்சை பலிச்சிருக்கும் பாரேன்."

எனக்கும் ஆசை வந்துவிட்டது. நம்பாதவளுக்கும் வரும். நோய் எங்கோ ஓரிடத்தில் நின்றிருக்கலாம், விரலில் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்கலாம் என்று பஸ்ஸில் போகும்போதே யோசித்துக்கொண்டு போனேன்.

உச்சி வெயில். கான்கிரீட் கூரையின் அனல் அறையில் இறங்கியிருந்தது. மைனி அண்ணனுக்கு உடம்பு துடைத்துவிட்டு, கையைத் தூளியிலிருந்து எடுத்து வயிற்றின் மேல் வைத்திருந்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேனல் அதன் ஸ்டாண்டில் இருந்தது. அதன் பக்கத்தில் யாருடைய கையும் இல்லை.

"ஏட்டி, இஞ்ச வா" என்றது பேனல்.

மைனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தாள். அண்ணனுடைய முடியை ஒதுக்கிவிட்டாள், தலையணையைச் சரி செய்தாள், "என்னா? ஒண்ணும் வேண்டாமா? சும்மா கூப்பிட்டியளா?" என்று சிரித்தாள். கை தூளியில் இல்லை என்பது அவள் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. அவள் போன பிறகு அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது.

சூட்டில் கண்ணாடி விரிவதைவிடப் பிலிம் அதிகமாக விரியும். விரிந்த பிலிம் தொய்யும். நெருங்கிய புள்ளிகள் இருந்தால் தாங்கிக்கொள்ளும். நான்தான் தாங்குவதற்கு ஒன்றும் வைக்கவில்லையே. நடுவில் தொய்ந்து தானே கண்ணாடியைத் தொட்டு, தானே பேசியது. எந்த மாணவனுக்கும் முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கும் விஷயம் இது.

அதைவிடப் பெரிய அடி கஞ்சி நேரத்தில் விழுந்தது. மைனி கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் பாதிகூடக் காலியாகவில்லை. "போதும்" என்றது பேனல். அது நடுக்கட்டத்துக்கு அடுத்த கட்டம். மைனி உடனே கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவன் வாயைத் துடைத்தாள். அண்ணனுடைய கண்கள் கிண்ணத்தின் மேலேயே இருந்தன.

"மைனி, குடுங்க. இன்னும் குடுங்க" என்றேன். நான் கத்தியிருக்க வேண்டும், அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"போதும்னு சொல்லியாச்சே மக்கா. கொஞ்ச நாளா இவ்வளவுதான் குடிக்காவ."

கரண்டியை நான் வாங்கி ஊட்டினேன். அவன் கிண்ணம் காலியாகும்வரை குடித்தான். கொஞ்ச நாளாக ஆள் வற்றிப்போகிறானே, நோய் முற்றுகிறது போல என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவன் பசியோடு படுத்திருந்திருக்கிறான். அவனுடைய சொந்தக் குரல் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டிருக்க, இல்லை என்று சொல்ல வழியில்லாமல் படுத்திருந்திருக்கிறான். அந்தக் குரலைச் செய்து கொடுத்தது நான்.

பேனலைக் கழற்றிக் கம்பெனிக்குக் கொண்டு போனேன். புள்ளிகளை இம்மியளவு நெருக்கி இன்னொன்று செய்தேன். அது வெயிலில் பேசாது. அண்ணனுடைய விரலுக்கும் பேசவில்லை. மறுபடி தளர்த்தினேன். விரலுக்குப் பேசியது, வெயிலிலும் பேசியது. கேஜைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய் அவன் விரலின் கீழ் வைத்து அளந்தேன். அவன் அழுத்தும் பலமும், உச்சி வெயிலில் பிலிம் தானாகத் தொய்ந்து தொடும் அளவும் ஒரே எண்ணாகிவிட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இருந்தால்கூட அதில் நான் ஏதாவது செய்திருப்பேன். தலைகீழாக நின்றாலும் செய்திருப்பேன். முதலாளியிடம் எண்களைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இதுல டிசைன் பண்ண ஒண்ணும் மிச்சம் இல்லையேம்மா" என்றார்.

சில வாரங்களில் விரல் அழுத்துவதும் நின்றுவிட்டது. தூளியை அவிழ்க்க யாருக்கும் மனசு வராமல் அது கொக்கியில் சும்மா தொங்கியது. இனி வேண்டும் வேண்டாம் கேட்பதற்குக் கண் ஒன்றுதான் வழி. ஆமாம் என்றால் மூட வேண்டும், இல்லை என்றால் திறந்தே வைத்திருக்க வேண்டும். நான் பேனலின் பின்பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். முதலில் "போதும்" வயரை வெட்டினேன். அடுத்து தண்ணி. விழுங்க முடியாத நேரத்தில் அது தானாகக் கேட்டுவிட்டால் ஆபத்து. திருப்பிப் படுக்க வை, அதுவும் போனது. விருந்தாளிகளை விரட்டும் கட்டத்தை வெட்டும்போது கை கொஞ்சம் தயங்கியது. கடைசியில் இரண்டு மிஞ்சின, கடலைப் பற்றிக் கேட்பதும் மைனியைக் கூப்பிடுவதும்.

"அண்ணே, இது ரெண்டும் நீ பேசுறது இல்ல. வெயிலு பேசுது. இதையும் எடுத்திரட்டா?" என்று கேட்டேன்.

அவன் கண்ணை மூடவில்லை. கேள்வி புரியவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்டேன். அவன் என்னைப் பார்த்தபடியே கண்ணைத் திறந்து வைத்திருந்தான். இமைக்காமல் வைத்திருந்ததில் கண் சிவந்து, நீர் திரண்டு, காதுப் பக்கமாக வழிந்தது. அப்படியும் மூடவில்லை. "சரி, சரி, எடுக்கல" என்று சொல்லிக் கத்தரியைக் கீழே வைத்த பிறகுதான் இமைத்தான்.

மைனியிடம் மறைத்து வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. நேர்ச்சை பலித்துவிட்டது என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தால் அதைக் கலைக்கவும் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஒரு மத்தியானம் அடுப்படியில் அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"மைனி, அந்தக் கண்ணாடி கூப்பிடுறது அண்ணன் கூப்பிடுறது இல்ல. சூட்டுல அதுக்க பிலிம் தொய்ஞ்சு..."

"தெரியும்" என்றாள். திருவுவதை நிறுத்தவில்லை. "அவிய இல்ல அது. மேகம் போட்டா கூப்பிடாது. மழ வந்தா கூப்பிடவே கூப்பிடாது. முதல்ல எனக்கு மனசிலாகல. பெறவு மனசிலாச்சு."

"பின்ன எதுக்கு ஓடுதிய?"

அவள் திருவலைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம்போல இருந்தது.

"சத்தம் அவியளுக்க சத்தம்தானே. அவிய கூப்பிடது கேட்டுட்டு நான் எப்பிடி இங்கன இருக்க? போவலைன்னா, அவிய அங்க கெடந்துட்டு, இவ வரலையேன்னு நெனைக்க மாட்டாவளா?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அறையிலிருந்து அந்தக் குரல் வந்தது, மொட்டைமாடியில் உட்கார்ந்து என் கண்ணெதிரே அவன் பேசிய குரல்.

"கடலு எப்பிடிக் கெடக்கு?"

மைனியின் கை முழுக்கத் தேங்காய்ப் பூ. அவள் எழுந்திருக்கப் போனாள். "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு நான் போனேன். அறை அனலாகக் கொதித்தது. ஜன்னலை முழுக்கத் திறந்து வெளியே கடலைப் பார்த்தேன். பிறகு கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கச்சான் காத்து அடங்கிட்டு அண்ணே. தெளிஞ்சு கெடக்கு. வள்ளமெல்லாம் எறக்கியாச்சு" என்றேன்.

அண்ணன் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தான்.